சாதக நோட்டு கைகொடுக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சேலத்தில் கர்நாடக இசை முறையில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள், வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவர்கள் வருகிறார்கள், ஏற்காட்டிலிருந்து சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்கி வருபவர்களும் உண்டு. எல்லோரும் சாதக நோட்டு, அதாவது வீட்டில் செய்த வாசிப்புப் பயிற்சியை எழுதிவைக்கும் நோட்டு, வைத்திருக்க வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. உட்கார்ந்ததும் பெட்டியைத் திறக்கும் முன்னால் நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பேன். நல்ல நோட்டாக இருந்தால், அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது, இன்றைக்கு எங்கே தொடங்க வேண்டும் என்பது இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் தெரிந்துவிடும்.

ஒன்றுமே சொல்லாத நோட்டுகளும் வருகின்றன. தவறாமல் எழுதியிருப்பார்கள், வாசிப்பு மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். சிலர் பாதியில் விட்டிருப்பார்கள். இப்படி அடிக்கடி பார்க்கிற சிக்கல்களை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் இரண்டாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் பாதி அதிலிருந்து கிளைத்தவைதான். உதாரணங்கள் வயலினிலிருந்து வருகின்றன. வீணையோ புல்லாங்குழலோ கீபோர்டோ கற்பவர்கள் தங்கள் வாத்தியத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: கொஞ்ச நாள் எழுதினேன், அப்புறம் விட்டுப்போச்சு

நோட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஸ்கூல் பையிலோ அலமாரியிலோ இருந்தால் அதை எடுக்க எழுந்து போக வேண்டும். சாதகம் முடிந்த களைப்பில் யாரும் எழுந்து போக மாட்டார்கள். வயலின் பெட்டிக்குள் அடங்குகிற சின்ன நோட்டு வாங்குங்கள், அது பெட்டியைவிட்டு வெளியே போகக் கூடாது. கூடவே ஒரு பென்சில். பேனா வேண்டாம், கசிந்தால் வாத்தியத்தில் கறை விழும்.

அடுத்தது நேரம். வயலினைத் துடைத்து, உள்ளே வைத்து, மூடிய பிறகு எழுதலாம் என்று நினைத்தால் அது நடக்காது. வில்லைத் தளர்த்துவதற்கு முன்னால், வாத்தியம் மடியில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். எந்த இடம் தடுக்கியது என்பது அப்போதுதான் விரலில் சூடாக இருக்கும்.

அளவு இரண்டு வரி போதும். ஒரு பக்கம் எழுதுவேன் என்று தொடங்குபவர்கள் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள்.

நடுவில் நாட்கள் விட்டுப்போயிருந்தால் நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். ஒரு கோடு போட்டு இன்றைய தேதியை எழுதித் தொடருங்கள். நிரப்பி எழுதியது எல்லாம் ஊகம். ஊகமும் உண்மையும் கலந்த நோட்டை அடுத்த மாதம் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

அறிகுறி: தினமும் எழுதுகிறேன், வாசிப்பு முன்னேறவில்லை

இதுதான் பெரிய சிக்கல். இந்த நோட்டுகளைத் திறந்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும் (சரளி, ஜண்டை இரண்டும் தொடக்க ஸ்வரப் பயிற்சிகள்; வர்ணம் அவற்றுக்குப் பின் கற்கும் பாட்டு, மோகனம் அதன் ராகம்):

"சரளி வரிசை, ஜண்டை வரிசை – 20 நிமிடம். மோகன வர்ணம் – 40 நிமிடம்."

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. இது வருகைப் பதிவேடு. நீங்கள் வாத்தியத்துக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். நாளைக்கு உட்காரும்போது எதை எடுப்பது என்று இதைப் பார்த்து முடிவு செய்ய முடியுமா? முடியாது. அதனால் நாளைக்கும் வர்ணத்தைத் தலையிலிருந்து வாசிப்பீர்கள், வருகிற இடம் வரும், வராத இடத்தில் அதே மாதிரி தடுக்கும். தடுக்கியதைத் தாண்டிக் கடைசிவரை போய் முடிப்பீர்கள். தப்பையும் சேர்த்தே விரல் பழகிக்கொள்ளும்.

நோட்டு எழுதுவது நாளைய சாதகத்தின் முதல் ஐந்து நிமிடத்துக்காக. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் எதை எழுதுவது, எதை விடுவது என்ற குழப்பம் தீர்ந்துவிடும். நாளைக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு உதவாத வரி நோட்டில் தேவையில்லை.

மணிக்கணக்கு எழுதும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 1993-ல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் இன்னும் இரண்டு ஆய்வாளர்களும் பெர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த மாணவர்கள் ஒரு வாரம் முழுக்கத் தங்கள் நாளை நாட்குறிப்பாக எழுதிக் கொடுத்தார்கள். சிறந்து வாசித்தவர்கள் வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரம் தனியாகச் சாதகம் செய்தார்கள், இசை ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தவர்கள் ஏறத்தாழ 9 மணி நேரம். ஊரெல்லாம் இந்த மணிக்கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் அவர்கள் பேசிய சாதகம், குறையான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதைச் சரிசெய்யவென்றே அமைத்துக்கொள்ளும் வேலை. அந்த வேலை நடந்ததா என்பது "40 நிமிடம்" என்ற வரியிலிருந்து தெரிய வராது.

சரி, எப்படி எழுதுவது? மூன்று விஷயம்: எந்த இடம், என்ன ஆனது, நாளைக்கு முதல் வேலை. அதே வர்ணத்துக்கு இப்படி:

"முக்தாயி ஸ்வரம், இரண்டாவது ஆவர்த்தனம். த-விலிருந்து மேல் ஸ போகும்போது ஸ குறைகிறது. 60-ல் சரி, 72-ல் விழுகிறது. நாளை: த ஸ, ஸ த மட்டும், 60-ல்."

(முக்தாயி ஸ்வரம் வர்ணத்தில் வரும் ஸ்வரப் பகுதி, ஆவர்த்தனம் தாளத்தின் ஒரு முழுச் சுற்று; 60, 72 என்பவை நிமிடத்துக்கான தாள எண்ணிக்கை.) இதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. நாளைக்கு நோட்டைத் திறந்ததும் யோசிக்க வேண்டியதில்லை, விரல் நேராக அந்த இடத்துக்குப் போகும்.

"என்ன ஆனது" என்பதை எழுதுவதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். தப்பு என்று தெரிகிறது, என்ன தப்பு என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது, வாத்தியத்தை எடுக்காமலே தொடங்கலாம்.

முதலில் அந்த இடத்தைத் தாளம் போட்டுக்கொண்டு வாயால் பாடுங்கள். பாடும்போதே ஸ்வரம் தப்பினால் சிக்கல் காதில் இருக்கிறது, விரலைத் திட்டிப் பயனில்லை. தம்புரா வைத்துக்கொண்டு பாடிச் சரிசெய்த பிறகு வயலினை எடுங்கள். பாடும்போது தாளம் தப்பினால் கணக்கு மனதில் ஏறவில்லை. ஸ்வரத்தைத் தாளக் கட்டத்தில் பிரித்து எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே தெளியும். அடுத்தது என்ன ஸ்வரம் என்றே தெரியாமல் நின்றால் அது மனப்பாடக் குறை.

பாடுவது சுத்தமாக இருக்கிறது என்றால் வாசிப்புக்கு வாருங்கள். மிக மெதுவாக வாசியுங்கள். மெதுவாகவும் ஸ்வரம் தப்பினால் விரல் இடம் தப்பு. மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நம் முறையில் ஸ ப ஸ ப என்று சுருதி சேர்த்த வயலினில் மேல் ஸ முதல் தந்தியில் மூன்றாவது விரலில் விழும். மோகனத்தில் நி இல்லாததால் முதல் விரலில் த வாசித்து, நடுவிரலைத் தாண்டி மூன்றாவதை வைக்க வேண்டும். சின்னக் கையாக இருந்தால் அது எட்டாமல் குறைந்து விழும். சரியாக விழுந்ததா என்று பார்க்க வயலினே வழி வைத்திருக்கிறது. மேல் ஸ சுத்தமாக விழுந்தால் பக்கத்தில் சும்மா இருக்கும் இரண்டாம் தந்தி தானாக அதிரும், ஒலி திறந்து கேட்கும். கொஞ்சம் குறைந்தாலும் கூடினாலும் அந்த அதிர்வு இருக்காது. நோட்டில் "ஸ பேசியது" அல்லது "ஸ பேசவில்லை" என்று எழுதச் சொல்வேன்.

மெதுவாகச் சரியாக வந்து, வேகத்தில் மட்டும் உடைந்தால் வில்லைச் சந்தேகப்படுங்கள். இடது கையை எடுத்துவிட்டு, அதே இடத்தை வெறும் தந்திகளில், எந்த ஸ்வரம் எந்தத் தந்தியோ அதே வரிசையில், வில்லை மட்டும் ஓட்டிப் பாருங்கள். மோகனத்தில் க-விலிருந்து ப போகும் இடமெல்லாம் தந்தி மாறுகிற இடம். வில் அங்கே பக்கத்துத் தந்தியைத் தொட்டுக் கரகரத்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

இந்த வரிசையில் போனால் "என்ன ஆனது" என்பதற்கு ஒரு சொல் கிடைத்துவிடும்: காது, தாளம், மனப்பாடம், விரல், வில். அந்தச் சொல்லை எழுதினாலே நாளைய வேலையும் தானாக வந்துவிடும். ஒரு மாதம் கழித்துப் பக்கங்களைப் புரட்டினால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்திருப்பதும் தெரியும். வர்ணத்திலும் வில், கீதத்திலும் வில் என்றால், புதுப் பாட்டைத் தள்ளிவைத்து அடிப்படை வில் சாதகத்துக்குத் திரும்ப வேண்டிய நேரம் அது. பாட்டு மாறினால் இந்தத் தப்பு போகாது.

அறிகுறி: வீட்டில் நன்றாக வருகிறது, வகுப்பில் வருவதில்லை

"டீச்சர், வீட்டுல நல்லாத்தான் வந்துச்சு" என்று கண் கலங்கச் சொல்லும் பிள்ளைகளை நான் முழுக்க நம்புகிறேன். வீட்டில் உண்மையிலேயே வந்திருக்கும். "எத்தனாவது தடவை வந்துச்சு கண்ணு?" என்று கேட்பேன். யோசித்துவிட்டு, ஆறாவது ஏழாவது தடவை என்பார்கள். வகுப்பில் ஆறு தடவை கிடையாது. உட்கார்ந்து சுருதி சேர்த்ததும் வாசிக்க வேண்டும்.

ஆகவே நோட்டில் முதல் தடவையின் பலனைத் தனியாக எழுதுங்கள். உட்கார்ந்து, சுருதி பார்த்து, வேறு எதையும் வாசிக்காமல், நேற்று சரிசெய்த இடத்தை ஒரே ஒரு முறை வாசியுங்கள். வந்ததா இல்லையா? பக்கத்தின் ஓரத்தில் "மு.த. சரி" அல்லது "மு.த. இல்லை". பிறகு வழக்கமான சாதகம். ஒரு இடம் மூன்று நாள் தொடர்ந்து முதல் தடவையிலேயே வந்தால்தான் அது கைவசம் ஆனது என்று கணக்கு. நேற்று இரவு கடைசியில் வந்ததை நம்பி வகுப்புக்கு வந்தால் ஏமாற்றம்தான்.

முதல் தடவையும் வீட்டில் சரியாக வந்து, வகுப்பில் மட்டும் வரவில்லை என்றால் இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிப் பாருங்கள். சுருதி ஒன்றா? வீட்டில் செல்போன் தம்புராவை 2½ கட்டை சுருதியில் வைத்து வாசித்துவிட்டு வகுப்பில் 3 கட்டைக்கு ஏற்றினால் காதுக்கு எல்லாமே புது இடம். உட்காருவது ஒன்றா? தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையை வலது கால் மேல் தாங்க வைத்து வாசிப்பது நம் முறை. வீட்டில் கட்டிலிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு அந்தத் தாங்கல் இருக்காது, வாத்தியத்தை இடது கையே தூக்கிப் பிடிக்கும். பிடித்துக்கொண்டிருக்கிற கை நகராது. சாதகத்தின் தலைப்பில் "தரை, 3 கட்டை" என்று எழுதும் பழக்கம் வந்தால் இந்தச் சிக்கல் மறைந்துவிடும்.

அறிகுறி: இரண்டாம் காலம் வருகிறது, மூன்றாம் காலம் குலைகிறது

நோட்டில் தாளத்தின் வேகம் எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். "மெதுவாக", "வேகமாக" என்று எழுதியிருந்தால் இதைச் சரிசெய்ய முடியாது. தாள எண்ணிக்கையைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் செயலி எந்தப் போனிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

தாளம் நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், நிமிடத்துக்கு 60 ஸ்வரம். இரண்டாம் காலத்தில் 120. மூன்றாம் காலத்தில் 240. அதாவது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரே தாவலில் 120 ஸ்வரம் கூடுகிறது. நடுவில் படியே இல்லாத மாடி அது.

படி கட்டிக்கொள்ளலாம். மூன்றாம் காலத்தை விட்டுவிட்டு, இரண்டாம் காலத்தையே தாளத்தைக் கூட்டிக் கூட்டி வாசியுங்கள்: 60, 66, 72, 80 என்று. தாளம் 120-ஐத் தொடும்போது, நிமிடத்துக்கு 240 ஸ்வரம் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். 60-ல் மூன்றாம் காலம் என்பது இதே வேகம்தான். நோட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் நேற்று எந்த எண்ணில் மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக வந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். இன்றைக்கு அந்த எண்ணுக்கு ஒரு படி கீழே தொடங்குங்கள். ஒரு நாள் 92-ல் வந்தது மறுநாள் 80-க்கு இறங்கும். இறங்கியதையும் மறைக்காமல் எழுதுங்கள், தூக்கமில்லாத நாளையும் பரீட்சை வாரத்தையும் அது காட்டிக்கொடுக்கும்.

எண் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால் மறுபடி வில்தான். என் வகுப்பில் முதல் காலத்தில் ஸ்வரத்துக்கு ஒரு வில், இரண்டாம் காலத்தில் ஒரு வில்லுக்கு இரண்டு ஸ்வரம், மூன்றாம் காலத்தில் நான்கு. நான்கு ஸ்வரத்துக்கு நடுவே தந்தி மாறுகிற இடத்தில் வில் தயங்கும். எந்த நான்கில் தயங்குகிறது என்று எழுதுங்கள்.

அறிகுறி: பக்கத்துக்குப் பக்கம் "சுருதி சேரவில்லை"

விரலைக் குறை சொல்வதற்கு முன் வாத்தியத்தைப் பார்க்க வேண்டும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இது மிகவும் பொருந்தும்.

பங்குனி, சித்திரை வெயிலில் சேலத்தில் காற்று காய்ந்துவிடும். மரம் ஈரம் இழந்து சுருங்கும், தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கும், சுருதி சேர்த்துக் கையை எடுப்பதற்குள் தந்தி இறங்கும். ஏற்காட்டில் மூடுபனியும் மழையுமான மாதங்களில் நேர்மாறு. மரம் ஊதிப் பிருடை இறுகி, திருப்பவே வராது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும் கொஞ்ச நேரத்துக்குள் வாத்தியம் குளிரிலிருந்து சூட்டுக்கும் ஈரத்திலிருந்து காய்ந்த காற்றுக்கும் வந்துவிடுகிறது. சூட்டில் தந்தி நீண்டு சுருதி இறங்கும். மேலிருந்து வருபவர்களை வந்தவுடன் வாசிக்கச் சொல்ல மாட்டேன். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, அந்த நேரத்தில் நோட்டைப் பார்ப்போம்.

வில்லையும் கவனியுங்கள். ஈரக் காற்றில் வில்லின் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். மலையில் முறுக்கிய வில்லைத் தளர்த்தாமல் கீழே கொண்டுவந்தால் முடி சுருங்கி வில் தடியையே வளைத்து இழுக்கும். பஸ் ஏறும் முன் தளர்த்திவிட வேண்டும்.

இதையெல்லாம் நோட்டில் எப்படிப் பிடிப்பது? சாதகத்தின் தொடக்கத்தில் வெறும் தந்திகளைத் தம்புராவோடு ஒத்துப் பாருங்கள். முடிவிலும் பாருங்கள். தந்தி இறங்கியிருந்தால் ஓரத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு, பக்கத்தில் வெயில் அல்லது மழை என்று ஒரு சொல். அம்பு இருக்கிற நாளில் "ஸ குறைந்தது" என்று எழுதியிருந்தால் அதை விரல் கணக்கில் சேர்க்காதீர்கள். அம்பு இல்லாத நாளிலும் அதே ஸ குறைந்தால் அது விரல்தான். புதுத் தந்தி போட்டால் அந்தத் தேதியையும் எழுதுங்கள். புதுத் தந்தி சில நாட்கள் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

வழுக்கும் பிருடைக்குக் கொஞ்சம் சாக்பீஸ் தூள், இறுகும் பிருடைக்குக் காய்ந்த சோப்பை லேசாகத் தேய்ப்பது, இரண்டும் பழைய வழி. திருப்பும்போது உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். அதற்கும் நிற்கவில்லை என்றால் வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், பலம் கொண்டு முறுக்காதீர்கள்.

அறிகுறி: நோட்டைத் திறந்தாலே மனசு சுருங்குகிறது

"மோசம்." "இன்னைக்கும் வரல." "எனக்கு வராது." இப்படி எழுதிய பக்கங்கள் எனக்கு மற்ற எல்லாச் சிக்கலையும்விடக் கவலை தருகின்றன. பெரியவர்களாகிக் கற்கத் தொடங்கியவர்களின் நோட்டில்தான் இது அதிகம். பகலெல்லாம் தறியிலோ கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் கிடைக்கிற அரை மணியில் வாசிக்கிறார்கள். அந்த அரை மணியின் முடிவில் தங்களைத் தாங்களே திட்டி ஒரு வரி எழுதி மூடுகிறார்கள்.

இதற்கு ஒரு கண்டிப்பான விதி வைத்திருக்கிறேன்: நோட்டில் உங்களைப் பற்றி எழுதக் கூடாது, கையைப் பற்றி எழுதலாம். "மோசம்" என்பதை அடித்துவிட்டு, கை என்ன செய்தது என்று எழுதுங்கள். "மூன்றாவது விரல் குறைந்தது." இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, நாளைக்குச் சரிசெய்ய ஒரு வேலை இருக்கிறது. "நன்று", "அருமை" இரண்டும்கூட வேண்டாம். அவையும் நாளைக்கு எதையும் சொல்லாது. அதற்குப் பதில் எது சரியாக வந்தது, எதைச் செய்ததால் வந்தது என்று எழுதுங்கள்.

பிள்ளைகளின் நோட்டு இப்படிச் சுருங்கினால், வேறு யார் அதைப் படிக்கிறார்கள் என்று விசாரிப்பேன். அம்மாவோ அப்பாவோ தினமும் நேரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வீடுகளில் பிள்ளை இருபது நிமிடத்தை நாற்பது என்று எழுதக் கற்றுக்கொள்கிறது. பெற்றோர்களே, அக்கறையில்தான் செய்கிறீர்கள் என்று தெரியும். நேரக் கட்டத்தை நோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நோட்டைப் பார்த்து, "நாளைக்கு முதல்ல என்ன வாசிக்கப்போற சாமி?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் அன்றைய சாதகம் நடந்திருக்கிறது.

அறிகுறி: டீச்சர் சொன்னது வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறது

இடது பக்கம் வகுப்பு, வலது பக்கம் வீடு. வகுப்பில் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "மணிக்கட்டை இளக்கு" என்று நான் சொன்னதை "வில் பிடிப்பு சரிசெய்ய வேண்டும்" என்று அழகாக மாற்றினால், வீட்டில் எதை இளக்குவது என்று தெரியாது. வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் முன்னால் எழுதிவிட வேண்டும். எழுதியதை உங்கள் ஆசிரியரிடம் ஒரு தரம் படித்துக் காட்டிவிடுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

அறிகுறி: போனில் பதிவு குவிகிறது, கேட்பதே இல்லை

நீளமாகப் பதிவு செய்வதால்தான். முழு வர்ணத்தையும் பதிவு செய்தால் அதைக் கேட்க இன்னொரு சாதக நேரம் போகும். நோட்டில் எழுதிய அந்த ஓர் இடத்தை மட்டும், ஒரு நிமிடத்துக்குள், முதல் தடவையிலேயே பதிவு செய்யுங்கள். மறுநாள் வயலினைத் தொடும் முன் கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாத விஷயம் மறுநாள் விழும். தாளம் ஓடுவது அதில் முதலாவது. ஒரு வரி எழுதிவிட்டுப் பதிவை அழித்துவிடலாம். மாதத்துக்கு ஒன்றை மட்டும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வாசிக்கவே வழியில்லாத நாட்கள், நோட்டு காலி

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் பேட்டைக்குப் பேட்டை ஒலிபெருக்கி. அம்மாபேட்டைப் பக்கம் சில வீதிகளில் தறிச் சத்தம் எப்போதும் உண்டு. வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், கைக்குழந்தை தூங்கும். அன்றைக்கு நோட்டு காலியாக இருக்க வேண்டியதில்லை. சத்தம் போடாமல் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது: ஒரு ஆவர்த்தனத்தைத் தாளம் போட்டு மனதுக்குள் பாடுவது, ஸ்வரத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது, வில்லில்லாமல் இடது கையை மட்டும் விரல் பலகையில் நகர்த்துவது. தந்திகளைத் தாங்கும் குதிரை மேல் மாட்டுகிற ரப்பர் மியூட் ஒன்று வாங்கிவைத்தால் இரவிலும் வாசிக்கலாம், ஒலி பாதிக்கு மேல் அடங்கிவிடும். நோட்டில் "வாத்தியம் இல்லை, எழுதிப் பார்த்தேன், நாலாவது வரி மறந்தது" என்று எழுதுங்கள். மனப்பாடக் குறை இப்படிப்பட்ட நாட்களில்தான் தெளிவாக வெளியே வருகிறது.

அறிகுறி: நோட்டு அழகாகிக்கொண்டே போகிறது

நான்கு வண்ணப் பேனா, கட்டம் போட்ட அட்டவணை, நாளுக்கு ஒரு ஸ்டிக்கர். எழுதும் நேரம் சாதக நேரத்தைத் தின்கிறது என்றால் பென்சிலுக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: நோட்டு தீர்ந்துவிட்டது, புதியதை எப்படித் தொடங்குவது

பழைய நோட்டை ஒரு முறை முதலிலிருந்து படியுங்கள். ஒரே உட்காரலில் படிப்பது நல்லது. படிக்கும்போது இரண்டு முறைக்கு மேல் வந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். புதிய நோட்டின் முதல் பக்கத்துக்கு மூன்றே மூன்று விஷயம் மாற வேண்டும்: இன்னும் முதல் தடவையில் வராத இடங்கள், ஒவ்வொரு வரிசையும் நின்ற தாள எண், அடிக்கடி வந்த அந்த ஒரு சொல். மற்றதெல்லாம் பழைய நோட்டிலேயே இருக்கட்டும். அதை அடுத்த வகுப்புக்கு எடுத்து வாருங்கள், உங்கள் ஆசிரியர் வட்டமிட்ட இடங்களைப் பார்த்து அடுத்த இரண்டு மாதத்துக்கு எதை எடுப்பது என்று முடிவு செய்வார். புதிய நோட்டில் தேதியைப் போட்டு, அதன் கீழே "நாளை:" என்று எழுதித் தொடங்குங்கள்.